இருக்கைப் பட்டியின் பூட்டு முறைகள்

இருக்கைப் பட்டியின் பூட்டு முறைகள் என்பவை, தானுந்தில் பயணம் செய்பவரை இருக்கையோடு பிணைக்கும் பட்டி எப்பொழுது தாராளமாக நீள வேண்டும், எப்பொழுது நீளாமல் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறிமுறைகள் ஆகும். இருக்கைப் பட்டி பேச்சு வழக்கில் சீட் பெல்ட் என்றும், இலங்கையில் ஆசனப் பட்டி என்றும் வழங்கப்படுகிறது. இன்றைய தானுந்துகளில் இரண்டு பூட்டு முறைகள் முதன்மையானவை. மோதலின்போதும் திடீர் நிறுத்தத்தின்போதும் மட்டும் பூட்டிக்கொள்வது அவசரநிலைப் பூட்டு முறை எனப்படும். உள்ளே சுருண்ட பட்டியை மீண்டும் நீளவிடாமல் எந்நேரமும் பிடித்து வைப்பது தானியங்கு பூட்டு முறை எனப்படும். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இவை முறையே ஈ.எல்.ஆர், ஏ.எல்.ஆர் என்று குறிக்கப்படுகின்றன. முதலாவது பெரியவர்களுக்கும் வளர்ந்த சிறுவர்களுக்கும் உரியது. இரண்டாவது குழந்தை இருக்கையை ஊர்தியில் இறுக்கமாகக் கட்டுவதற்கு உரியது. இவற்றை இடம் மாற்றிப் பயன்படுத்தினால் பட்டி தரும் பாதுகாப்பு குறைவதுடன், சில வேளைகளில் பட்டியே உயிருக்கு ஆபத்தாகவும் முடியக்கூடும்.

பின்னணி

இன்று உலகெங்கும் பயன்படும் மூன்று முனைப் பட்டியை சுவீடன் நாட்டின் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில், போர் வானூர்தியிலிருந்து விமானியை வெளியேற்றும் இருக்கைகளில் பணியாற்றியவர். 1959 ஆம் ஆண்டு வால்வோ தானுந்துகளில் இப்பட்டி அறிமுகமானது. இதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 இல் பட்டி அணிவதைக் கட்டாயமாக்கியது.

தொடக்ககாலப் பட்டிகளுக்குச் சுருளும் கருவி கிடையாது. அணிபவர் தம் உடலுக்கு ஏற்பப் பட்டியின் நீளத்தைக் கையால் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இறுக்கமாகக் கட்டினால் கைப்பெட்டியைத் திறக்கவோ சாளரக் கைப்பிடியை எட்டவோ முடியாது. தளர்வாகக் கட்டினால் மோதலின்போது பயனில்லை. வசதி வேண்டிப் பலரும் தளர்த்தியே கட்டினர், அல்லது கட்டாமலே விட்டனர். இயல்பான நேரத்தில் தளர்ந்தும் ஆபத்து நேரத்தில் தானே இறுகியும் நிற்கும் பட்டி ஒன்று தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

இறுக்கம் ஏன் இன்றியமையாதது என்பதை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர் வேகத்தில் செல்லும் தானுந்து ஒரு சுவரில் மோதி, அதன் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் இருமடியை நின்ற தொலைவின் இருமடங்கால் வகுத்தால், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சற்றேறக்குறைய 16 மடங்கு எனக் கிடைக்கும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை ஊர்தியோடு சேர்த்து நிறுத்த, பட்டி ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு இது 160 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். மடியில் வைத்திருக்கும் குழந்தையை எவராலும் கையால் பிடித்து நிறுத்த முடியாது என்பது இதனால் விளங்கும். மேலும் இக்கணக்கு, பயணி தொடக்கத்திலிருந்தே ஊர்தியோடு பிணைந்திருந்தால் மட்டுமே பொருந்தும். பட்டி தளர்ந்திருந்தால், ஊர்தி நசுங்கி நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் பயணி இன்னும் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்வார். அவரை நிறுத்த எஞ்சியிருக்கும் தொலைவு குறைவதால், உடல் மீது செயல்படும் விசை மேலும் கூடும்.

சுருளியின் அமைப்பு

பட்டியின் ஒரு முனை, கதவையடுத்த தூணின் அடியிலோ இருக்கையின் பின்புறத்திலோ பொருத்தப்பட்ட சுருளிக்குள் செல்கிறது. சுருளியில் பட்டி சுற்றப்பட்ட ஓர் உருளையும், அதன் ஒரு பக்கத்தில் கடிகாரச் சுருள்வில் போன்ற ஒரு தட்டையான வில்லும் உண்டு. பட்டியை இழுக்கும்போது வில் இறுகுகிறது. விட்டால் வில் விரிந்து பட்டியை உள்ளே சுருட்டுகிறது. பட்டி மார்பின் மீது மெல்லப் படிந்திருப்பதற்கு இந்த வில்லே காரணம். இதன் விசை மிகச் சிறியது. எனவே மோதலின்போது பயணியைப் பிடித்து நிறுத்துவதில் இதற்குப் பங்கு இல்லை.

உருளையின் மறுபக்கத்தில் எஃகுப் பற்களும், அவற்றில் சென்று மாட்டிக்கொள்ளும் தடுநாக்கு ஒன்றும் உள்ளன. தடுநாக்கு பற்களில் மாட்டினால் உருளை பட்டியை வெளிவிடும் திசையில் சுழல முடியாது. அவசரநிலைப் பூட்டுக்கும் தானியங்கு பூட்டுக்கும் உள்ள வேறுபாடு, இந்தத் தடுநாக்கை எது, எப்பொழுது இயக்குகிறது என்பதில்தான் உள்ளது.

அவசரநிலைப் பூட்டு முறை

இம்முறையில் தடுநாக்கு வழக்கமாக விலகியே இருக்கும். பயணி முன்னே குனியலாம், திரும்பலாம். பட்டி அவரோடு நீண்டு சுருங்கும். பூட்டைத் தூண்டுவதற்கு இரண்டு உணரிகள் உள்ளன. தற்காலச் சுருளிகளில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அமைகின்றன.

முதலாவது ஊர்தியின் அசைவை உணர்வது. சிறு கிண்ணம் போன்ற குழியில் ஓர் எஃகுக் குண்டு வைக்கப்பட்டிருக்கும். சில வடிவமைப்புகளில் குண்டுக்குப் பதிலாக ஊசல் இருக்கும். ஊர்தி திடீரென வேகம் குறையும்போது குண்டு நிலைமத்தால் தன் வேகத்திலேயே செல்ல முற்பட்டு, குழியின் விளிம்பை நோக்கி ஏறுகிறது. அப்போது தன் மேல் கிடக்கும் மெல்லிய நெம்பை உயர்த்துகிறது. ஊர்தி எத்திசையில் மோதினாலும், கவிழ்ந்தாலும் குண்டு இடம்பெயரும் என்பது இவ்வமைப்பின் சிறப்பு.

இரண்டாவது பட்டியின் அசைவை உணர்வது. உருளையோடு சேர்ந்து ஒரு நிலைமத் தகடு சுழல்கிறது. பட்டியை மெதுவாக இழுத்தால் இரண்டும் ஒன்றாகச் சுழலும். வெடுக்கென்று இழுத்தால் தகடு உருளையைவிடச் சற்றுப் பின்தங்கும். இந்தப் பின்தங்கலே பூட்டைத் தூண்டுகிறது. கையால் பட்டியை விரைந்து இழுத்துப் பார்ப்பவர்கள் சோதிப்பது இந்த இரண்டாவது உணரியை மட்டுமே. எஃகுக் குண்டு சரியாக வேலை செய்கிறதா என்பது இச்சோதனையால் தெரியாது.

இந்த உணரிகள் மென்மையானவை. ஒரு டன் எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் வலிமை அவற்றுக்குக் கிடையாது. ஆகவே பூட்டல் இரண்டு கட்டங்களில் நடைபெறுகிறது. உணரியின் நெம்பு முதலில் உருளையின் ஓரத்திலுள்ள இலகுவான பற்சக்கரம் ஒன்றை மட்டும் நிறுத்துகிறது. பயணியின் உடல் பட்டியை இழுப்பதால் உருளை இன்னும் சிறிதளவு சுழல்கிறது. நின்றுவிட்ட சக்கரத்துக்கும் சுழலும் உருளைக்கும் இடையே ஏற்படும் இந்த வேறுபாடு, வலிமையான தடுநாக்கை எஃகுப் பற்களுக்குள் தள்ளுகிறது. வேறு சொற்களில் கூறினால், பூட்டுவதற்கான கட்டளையைக் குண்டு தருகிறது, பூட்டுவதற்கான ஆற்றலைப் பயணியின் உடலே தருகிறது.

அமெரிக்கக் கூட்டுநாட்டு விதிகளின்படி, புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.7 மடங்கு முடுக்கத்துக்கு உட்படும்போது, பட்டி 25 மில்லிமீட்டர் நீளுவதற்குள் சுருளி பூட்டிக்கொள்ள வேண்டும். ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 16 ஆம் ஒழுங்குவிதி, வழக்கமான தானுந்துச் சுருளிகளுக்கு 0.45 மடங்கு என்ற அளவைக் குறிப்பிடுகிறது. சுருளி 12 பாகை வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது என்றும், 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்ட வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

செங்குத்தான சரிவில் ஊர்தியை நிறுத்தி ஏறுபவர்கள் சில வேளைகளில் பட்டி வெளிவரவில்லை எனக் குறைகூறுவது இச்சாய்வினால்தான். குண்டு தன் குழியில் நடுவே இல்லை. ஊர்தி சமதளத்துக்கு வந்ததும் கோளாறு தானே நீங்கும். ஊர்தியிலிருந்து கழற்றப்பட்ட சுருளியைக் கையில் வைத்து இழுப்பவருக்கும் இதே அனுபவம் ஏற்படும். அது பழுதானது என்று கருதுவதற்கு முன், ஊர்தியில் இருந்த அதே நிலையில் நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

தானியங்கு பூட்டு முறை

இப்பெயர் சற்றுக் குழப்பம் தருவது. அவசரநிலைப் பூட்டும் தானாகவே பூட்டிக்கொள்கிறது. எனவே தானியங்கு என்ற சொல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. நிலையான பூட்டு என்று அழைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். இம்முறையில் தடுநாக்கு எப்பொழுதும் பற்களின் மேல் படிந்திருக்கும். பட்டி உள்ளே சுருளும் திசையில் மட்டும் நகரும். ஒவ்வொரு பல்லாகத் தாண்டும்போதும் கிளிக் என்ற ஒலி கேட்கும். வெளியே இழுத்தால் நகராது. பழைய தானுந்துகளில் இடுப்புப் பட்டிகள் சில இம்முறையில் மட்டுமே இயங்கின. ஊர்தி குலுங்கும்போதெல்லாம் பட்டி இன்னும் ஒரு பல் உள்ளே சென்று மேலும் மேலும் இறுகியதால் அவை பயணிகளின் விருப்பத்தைப் பெறவில்லை.

மனிதருக்குத் தொல்லை தந்த இதே இயல்பு குழந்தை இருக்கைக்கு நன்மையாக அமைந்தது. அவசரநிலைப் பூட்டு மட்டும் உள்ள பட்டியால் குழந்தை இருக்கையைக் கட்டினால், மோதலின்போது பட்டி பூட்டும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கு முன் வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் இருக்கை சிறிது சிறிதாக நகர்ந்தும் சாய்ந்தும் விடும். அதைப் பிடித்திருப்பது சுருள்வில்லின் சிறு விசை மட்டுமே. மோதும் கணத்தில் அவ்விருக்கை சாய்ந்த நிலையில், தளர்ந்த பட்டியுடன் இருந்தால் குழந்தையின் தலை முன்னோக்கிச் செல்லும் தொலைவு கூடும்.

மாற்றக்கூடிய சுருளி

இரு முறைகளையும் ஒரே கருவியில் சேர்த்ததே மாற்றக்கூடிய சுருளி. இதில் உருளை எத்தனை சுற்றுச் சுழன்றது என்பதைக் கணக்கிடும் சிறு பற்சக்கரத் தொகுதி உள்ளது. பட்டி முழுவதும், அதன் கடைசி முனை வரை வெளியே இழுக்கப்படும்போது அது ஒரு நெம்பைத் தட்டி விடுகிறது. அதிலிருந்து சுருளி தானியங்கு பூட்டு முறைக்கு மாறுகிறது. பட்டி ஏறத்தாழ முழுவதும் உள்ளே சுருண்டதும் நெம்பு மறுபக்கம் தட்டப்பட்டு, அவசரநிலைப் பூட்டு முறை திரும்புகிறது. பொத்தானோ விசைப்பலகையோ ஏதும் கிடையாது. இதனால், தம் ஊர்தியில் இவ்வசதி இருப்பதையே அறியாத உரிமையாளர்கள் பலர்.

அமெரிக்கக் கூட்டுநாட்டில் 1995 செப்டம்பர் 1 முதல் உற்பத்தியான தானுந்துகளில், ஓட்டுநர் இருக்கை நீங்கலாக முன்னோக்கிய பிற இருக்கைகளின் பட்டிகள், குழந்தை இருக்கையை இறுகப் பிடிக்கும் வகையில் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. மாற்றக்கூடிய சுருளி அங்கு பரவலானது இதன் பின்னரே. ஐரோப்பிய விதிகளை ஒட்டி அமைந்த ஊர்திகளில், இந்தியாவில் ஓடும் ஊர்திகள் பலவற்றிலும் கூட, அவசரநிலைப் பூட்டு மட்டுமே காணப்படும். அங்கெல்லாம் பட்டியை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பி குழந்தை இருக்கையிலேயே அமைக்கப்பட்டிருக்கும்.

ஓர் ஊர்தியில் எவ்வகை உள்ளது என்பதை அறிய, அதைச் சமதளத்தில் நிறுத்திப் பட்டியை மெதுவாக முடிவு வரை இழுக்க வேண்டும். பின்னர் ஒரு சாண் அளவு உள்ளே விட்டு மீண்டும் மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளே செல்லும்போது கிளிக் ஒலி கேட்டு, திரும்ப வெளிவரவில்லை எனில் அது மாற்றக்கூடிய சுருளி. தடையின்றி வெளிவந்தால் அவசரநிலைப் பூட்டு மட்டுமே உள்ளது.

குழந்தை இருக்கையைக் கட்டுதல்

குழந்தை இருக்கையில் பட்டி செல்வதற்கெனக் குறிக்கப்பட்ட வழியில் பட்டியை முறுக்கில்லாமல் நுழைத்து, அதன் நாக்குத் தகட்டைப் பக்கிளில் செருக வேண்டும். அதன் பின்னரே தோள் பகுதியைப் பிடித்து முழுவதும் வெளியே இழுத்து, பூட்டு முறையை மாற்ற வேண்டும். பிறகு இருக்கையைக் கையாலோ முழங்காலாலோ நன்கு அழுத்திக்கொண்டே பட்டியை உள்ளே செலுத்த வேண்டும். அழுத்தாமல் சுருள்வில் தானே இழுக்கட்டும் என்று விட்டால் பட்டி பூட்டியிருக்கும், ஆனால் இறுகியிருக்காது. பட்டி செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் எத்திசையிலும் 2.5 செ.மீ.க்கு மேல் அது அசையக்கூடாது. முன்னோக்கிய இருக்கையானால் அதன் மேல் வாரையும் ஊர்தியில் அதற்குரிய கொக்கியில் மாட்ட வேண்டும். பின்னோக்கிய இருக்கையை, இயங்கும் காற்றுப்பையின் எதிரே ஒருபோதும் வைத்தல் ஆகாது.

பின்னோக்கிய சில இருக்கைகளில், இறுகிய தோள் பட்டி இருக்கையின் ஒரு பக்கத்தை மேலே தூக்கிச் சாய்த்துவிடும். அப்போது தானியங்கு பூட்டை விட்டுவிட்டு, இருக்கையிலேயே உள்ள பிடிப்பியைப் பயன்படுத்துவது மேலானது. பக்கிளை ஒருமுறை கழற்றிப் பட்டி முழுவதும் சுருண்டுவிட்டால் பூட்டு முறை பழைய நிலைக்கு மாறிவிடும். எனவே இருக்கையை எடுத்து மீண்டும் பொருத்தும் ஒவ்வொரு முறையும் இவற்றைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

சுருளியில் பூட்டு வசதியில்லாத சில ஊர்திகளில் நாக்குத் தகடே அப்பணியைச் செய்கிறது. தகட்டின் உள்ளே உள்ள குறுக்குத் தண்டு பட்டியை அழுத்திப் பிடித்து, இடுப்புப் பகுதி தளராமல் காக்கும். இதுவும் இல்லாத பழைய ஊர்திகளில், ஆங்கில எழுத்து எச் வடிவிலான உலோகப் பிடிப்பியால் தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் நாக்குத் தகட்டுக்கு அருகில் சேர்த்துப் பூட்டுவர். இப்பிடிப்பி குழந்தை இருக்கைக்கு மட்டும் உரியது. அவ்விடத்தில் பெரியவர் அமர்வதற்கு முன் அதை அகற்றிவிட வேண்டும்.

ஐசோஃபிக்ஸ் முறையிலும், அமெரிக்காவில் லாட்ச் எனப்படும் முறையிலும், குழந்தை இருக்கை ஊர்தியின் சட்டத்திலுள்ள உலோக வளையங்களில் நேரடியாக மாட்டப்படுகிறது. இவற்றைப் பயன்படுத்தும்போது பட்டியால் மீண்டும் கட்டத் தேவையில்லை. தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. ஆயினும் இவ்வளையங்களுக்கு எடை வரம்பு உண்டு. குழந்தை வளர்ந்து அவ்வரம்பைத் தாண்டும்போது, பட்டியால் கட்டும் முறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பெரியவர்களும் உயர்த்தி இருக்கையில் அமரும் சிறுவர்களும்

உடலின் மீது நேராகப் பட்டி அணிபவர் எவருக்கும் அவசரநிலைப் பூட்டு முறையே போதுமானது. உயர்த்தி இருக்கையில் அமரும் சிறுவரும் இதில் அடங்குவர். அவர்களுடைய உடலைப் பிடிப்பது குழந்தை இருக்கையின் வார்கள் அன்று, ஊர்தியின் பட்டியே.

பருத்த உடல் உடையவர்களும், தடித்த குளிராடை அணிந்தவர்களும் பட்டியைப் பக்கிள் வரை கொண்டுசெல்லும்போது அதன் முடிவு வரை இழுத்துவிட நேர்கிறது. அவர்கள் அறியாமலே தானியங்கு பூட்டு தொடங்கிவிடும். பின்னர் ஒவ்வொரு அசைவிலும் பட்டி ஒரு பல் இறுகுமேயன்றித் தளராது. இது பட்டியின் பழுது அன்று. ஊர்தியைப் பாதுகாப்பாக நிறுத்தி, பக்கிளைக் கழற்றி, பட்டியை முழுவதும் சுருளவிட்டு மீண்டும் அணிந்தால் சரியாகும்.

கழுத்தில் சிக்கும் ஆபத்து

தானியங்கு பூட்டு முறையின் மிகக் கடுமையான ஆபத்து, மோதல் ஏதும் இல்லாமல், நின்றிருக்கும் ஊர்தியிலும் நேரக்கூடியது. குழந்தை தனக்கு அருகில் பயன்படாமல் தொங்கும் பட்டியை விளையாட்டாக இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறது. முழுவதும் இழுத்துவிட்டால் பூட்டு முறை மாறிவிடுகிறது. அதன் பின் பட்டி உள்ளே மட்டுமே செல்லும். குழந்தை அசைய அசைய வளையம் சிறுத்துக்கொண்டே போகும். வெளியே இழுக்க முடியாது. பக்கிளைக் கழற்றுவதாலும் பயனில்லை, ஏனெனில் கழுத்திலுள்ள வளையம் பக்கிள் வழியாகச் செல்லவில்லை. பூட்டு நீங்கப் பட்டி முழுவதும் சுருள வேண்டும். கழுத்து நடுவே இருப்பதால் அதுவும் இயலாது. இந்நிலையில் எஞ்சும் ஒரே வழி பட்டியை அறுப்பதுதான். ஆகவே, பட்டி அறுக்கும் கருவி அல்லது கத்தரிக்கோல் ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பது பயனுள்ளது.

அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இவ்வாபத்தைக் குறித்துப் பெற்றோரை எச்சரித்துள்ளது. குழந்தைக்கு எட்டும் தொலைவில் உள்ள வெற்றுப் பட்டிகளைப் பக்கிளில் செருகி, முழுவதும் இழுத்துப் பூட்டு முறையை மாற்றி, எஞ்சிய பட்டியை உள்ளே சுருளவிடுவது அது கூறும் தடுப்பு முறை. குழந்தையை நெரிக்கக்கூடிய அதே பூட்டு, முன்னரே இறுக்கி வைக்கப்பட்டால் குழந்தையின் கைக்குப் பட்டி வராமல் காக்கிறது. குழந்தைகளை ஊர்தியில் தனியே விடாதிருப்பதும், ஊர்தியை விளையாடும் இடமாக்காதிருப்பதும் இதனுடன் சேர்த்துக் கூறப்படுகின்றன.

முன்னிறுக்கியும் விசை வரம்பியும்

பூட்டு முறைகளோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு கருவிகளும் உள்ளன. சுருளி பூட்டிய பின்பும், உருளையில் தளர்வாகச் சுற்றியிருந்த பட்டி இறுகுவதால் சில செ.மீ. நீளம் வெளிவரும். இதை ஈடுசெய்ய முன்னிறுக்கி, மோதல் தொடங்கிய உடனே சிறு வெடிமருந்தின் ஆற்றலால் பட்டியை உள்ளே இழுக்கிறது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1981 இல் தன் எஸ் வகைத் தானுந்தில் இதை வழங்கத் தொடங்கியது. விசை வரம்பி இதற்கு நேர்மாறானது. மார்பின் மீதான விசை ஓர் அளவைத் தாண்டும்போது, உருளையின் நடுவிலுள்ள எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு பட்டியைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. வெடித்த முன்னிறுக்கியை மீண்டும் பயன்படுத்த முடியாது. பெரிய மோதலுக்கு உள்ளான பட்டியையும் சுருளியையும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

இந்தியாவில்

2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 194-பி பிரிவின்படி, இருக்கைப் பட்டி அணியாமல் ஊர்தி ஓட்டுவதற்கும், பட்டி அணியாத பயணிகளை ஏற்றிச் செல்வதற்கும் 1,000 ரூபாய் தண்டம் உண்டு. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பட்டியாலோ குழந்தைக் காப்பு அமைப்பாலோ பிணைக்காமல் ஏற்றிச் செல்வதற்கும் அதே அளவு தண்டம் விதிக்கப்படுகிறது. வேறு நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட குழந்தை இருக்கையை இங்கு கொண்டுவந்து பயன்படுத்துவோர், அதன் கையேடு தானியங்கு பூட்டு உள்ள பட்டியை எதிர்பார்த்து எழுதப்பட்டதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்தியில் அவ்வசதி இல்லையெனில், தனக்கெனப் பிடிப்பி உள்ள இருக்கையையோ, ஊர்தியில் வளையங்கள் இருப்பின் ஐசோஃபிக்ஸ் இருக்கையையோ தேர்ந்தெடுக்கலாம்.